போன் பண்ணிவிட்டு எடுத்த தண்ணீர்

8, செவ்வாய்
காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரகடம் ரோடு முழுக்க கம்பெனி பஸ்.

பேரூராட்சித் தண்ணீரை நம்பலாமா என்று டெஸ்ட் பண்ணி மாத அறிக்கை எழுதணும். வெள்ளிக்குள். எட்டு மாதமாக "நம்பகமானது" என்றே எழுதுகிறேன்.

ரேவதி போன். பைப்லைனின் கடைசியில் இருக்கும் லேடீஸ் ஹாஸ்டல், ஃபேக்டரிப் பெண். "அக்கா, எங்க ரூம்ல நாலு பேருக்கு வயித்தால போவுது. இந்தத் தண்ணிய குடிக்கலாமா?"

"தாராளமா குடி. நானே டெஸ்ட் பண்ணது." கொஞ்சம் எரிந்துதான் விழுந்தேன்.

9, புதன்
டெஸ்டுக்கு முதல் நாளே, டேங்கில் தண்ணீர் திறந்துவிடும் வால்வு ஏழுமலைக்கு போன் பண்ணுவது வழக்கம். "அண்ணே, நாளைக்கு வரேன்." ஒரு மரியாதை. நேற்று மறந்தே போச்சு.

ஹாஸ்டல் குழாய். ஏழு மணித் தண்ணீர் 8.40க்கு, நூல் மாதிரி. பிடித்த தண்ணீரில் டெஸ்ட் மருந்து சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. மறுபடி. மறுபடியும் இல்லை.

டேங்கில் ஏழுமலை, கையில் டீ. "இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம வந்துகினு? ஒரு போன் போட்டிருந்தா பிளீச்சிங் பவுடர் கலக்கி வச்சிருப்பேன்ல."

"தினமும் கலக்கறதில்லையா?"

"தெனமுமா? மூட்டை எங்க கீது? நீங்க வர்ற அன்னிக்குன்னே கொஞ்சம் எடுத்து வச்சிகீறேன்."

ஒளிக்கவே இல்லை மனுஷன். விருந்தாளிக்கு நல்ல டம்ளர் எடுப்பது மாதிரிதான் அவருக்கு. எட்டு மாதமும் போன் பண்ணிவிட்டுத்தானே போனேன்.

ஹாஸ்டலில் யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் ஆபீஸில் சாரிடம் கேட்கலாம் என்று.

10, வியாழன்
சார்: "பழசை ஏம்மா கிளறுற? இந்த மாசம் மட்டும் மோசம்னு போடு. கிளறினா உன் வேலைதான் முதல்ல போகும்."

இந்த வேலைக்காக இரண்டு வருஷம் அலைந்தேன். பயம். அறிக்கையைத் திறந்து மூடி, திறந்து மூடி.

வாங்க வேண்டியது: குடை, டெஸ்ட் மருந்து, அம்மாவுக்குத் தைலம்.

11, வெள்ளி
மேகமூட்டம். ரேவதி ஆஸ்பத்திரியில், டிரிப்ஸ். உதடு வெடித்துக் கிடக்கிறது. தலைமாட்டில் பாட்டில், பாதித் தண்ணீர்.

"இந்தத் தண்ணி எங்க பிடிச்சது?"

"ஹாஸ்டல்லதான்கா. கேன் தண்ணி வாங்கலாம்னாளுங்க. அக்காவே டெஸ்ட் பண்ணதுடின்னு நாந்தான் வேணான்னுட்டேன்."

பாட்டிலைப் பிடுங்கிக் கொட்டினேன். அழுகை வந்துவிட்டது, அவள் முன்னாலேயே.

வெளி பெஞ்சிலேயே அறிக்கை முடித்து அனுப்பியாச்சு. பழைய எட்டு அறிக்கையும் செல்லாது, தவறு என்னுடையது, கையெழுத்து.

சார் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ஹாஸ்டலில் ஷிப்ட் மாறும் நேரம், எல்லாரும் பாட்டில் நிரப்புவார்கள். ஓடணும்.