எட்டு சென்டிமீட்டர்

லம்பா லைன்,
போர்ட் பிளேர்,
ஜூன் 19

திரு. துரைசாமி அவர்களுக்கு,

வணக்கம். 'நீங்கள்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏழு வருஷப் பழக்கம், கை வரமாட்டேன் என்கிறது. மரியாதை மேலே அந்த ஒரு வரியோடு முடிந்தது, இனி நீதான். இங்கே சுசீலாவும் நானும் சுகம். மழை ஆரம்பித்துவிட்டது. உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

பதினோரு தடவை போன் செய்திருக்கிறாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய், நானும் 'பரவாயில்லை துரை' என்று சொல்லித் தொலைப்பேன். அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் கடிதம்.

சென்னைக் கண்காட்சிக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ரயில் பாதையின் மாடல் செய்வதென்று பேசினோம். ஸ்டேஷன் பாதி விழுப்புரத்தில் நீ, பாலம் பாதி இங்கே நான். இரண்டு பலகையும் சேரும் இடத்தில் தண்டவாளம் முன் விளிம்பிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டரில் வர வேண்டும் என்று அட்டை வெட்டி, கையெழுத்தும் போட்டுத் தபாலில் அனுப்பியது யார்? அந்த அட்டையை வைத்துத்தான் ஒவ்வொரு ஆணியும் அடித்தேன். மூன்று வருஷம்! இந்த உப்புக் காற்றில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் தண்டவாளம் கறுத்து இன்ஜின் நின்றுவிடும். இந்தத் தீவின் படாக் மரத்தில் சட்டம் போட்டதால் வெளியே கொண்டுபோக வனத்துறையில் பாஸ் வேறு வாங்கினேன். கப்பலில் மூன்று நாளும் என் பங்க் படுக்கையில் பாலத்தின் பெட்டி படுத்துக்கொண்டு வந்தது, நான் உட்கார்ந்துகொண்டு வந்தேன்.

ஹாலில் வைத்துப் பார்த்தால் உன் தண்டவாளம் பலகையின் நடுவில் இருக்கிறது. எட்டு சென்டிமீட்டர் தள்ளி. போன வருஷம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்த அந்தப் பிரேம் வீட்டில் கூடிப் பேசி மாற்றினீர்களாம், குரூப்பிலும் போட்டீர்களாம். அந்த வாரம் இங்கே ஐந்து நாள் நெட் கிடையாது. வந்தபோது முந்நூறு செய்தி கிடந்தது, நான் மேலே தள்ளிப் படிக்கவில்லை. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல உனக்குத் தோன்றவே இல்லையா?

அதைக்கூட விட்டுவிடுவேன். என் பாலத்தை மேஜைக்கு அடியில் தள்ளித் துணி போட்டு மூடினாய், பிரேமின் பலகையை எடுத்து மாட்டினாய். கூட்டம் வாசலில் நிற்கிறது, வேறு வழியில்லை, சரி. ஆனால் ஒரு அம்மா என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டபோது என்ன சொன்னாய்? அந்தமானிலிருந்து கண்காட்சி பார்க்க வந்திருக்கிறார் என்றாய். பார்க்க! ஐயோ பாவம், அங்கே ரயிலே கிடையாதே என்று அந்த அம்மா இரக்கப்பட்டார். நீயும் சேர்ந்து சிரித்தாய். என் பாலம் என் காலடியில் கிடந்தது துரை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, டீ குடிக்கப் போகிறவன் மாதிரி வெளியே போய்விட்டேன்.

இப்போது கோயம்புத்தூர்க் கண்காட்சி வருகிறது, உன் தண்டவாளத்தை எட்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்துவிடு என்று குரூப்பில் எழுதியிருக்கிறாய். தள்ளி வைக்க அது என்ன நாற்காலியா? கரையை அறுக்க வேண்டும், தூண் அத்தனையும் பிடுங்க வேண்டும். 'ஜானே தோ, போகட்டும் விடுங்கள், செய்து கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்' என்கிறாள் சுசீலா. இந்தத் தீவில் ரயில் மாடல் பற்றிப் பேச எனக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. அது அவளுக்கும் தெரியும், உனக்கும் நன்றாகத் தெரியும்.

அறுப்பேன். என்ன செய்தாலும் இவன் அறுத்துக்கொண்டு வந்து நிற்பான் என்று நீ நிம்மதியாக இருக்கிறாய் பார், அதுதான் எனக்குக் கசக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம். பாலம் ஜம்புலிங்கம் செய்தது என்று எல்லோரும் பார்க்கக் குரூப்பில் ஒரு வரி போடு. தினமும் எழுந்ததும் முதல் வேலையாகக் குரூப்பைத்தான் திறந்து பார்க்கிறேன்.

நீ நன்றாக இரு.

ஜம்புலிங்கம்