ரூத்தியின் இடது காது

பெசியோ
3 மே 1994

அன்புள்ள மயேரே அக்காவுக்கு,

கப்பலில் நீ அனுப்பிய தாழம்பழ மாவும் கள்ளுப்பாகும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆனால் என் பிள்ளை ரூத்தியின் இடது காதில் மூன்று மாதமாகச் சீழ் நிற்கவில்லை, இப்போது உள்ளே சிவப்பாக ஒரு சதை தெரிகிறது என்று உன் கடிதத்தில் படித்தேன். இங்கே நகரத்தில் நான் துணி துவைக்கிற ஆஸ்பத்திரியில் டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"புண்ணு ஆறாம உள்ளேருந்து முளைக்கிற சதைம்மா அது. பின்னால எலும்பை அரிக்கிற நோய் இருந்தாலும் இருக்கும். யாரும் அதைத் தொட வேண்டாம். புள்ளைய இங்க அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

ஜூனில் வெளிநாட்டிலிருந்து காது டாக்டர்கள் வருகிறார்கள். அடுத்த விமானத்திலேயே அவளை அனுப்பி வை, அக்கா.

உன் தங்கை,
தபோரா


தீவு மருந்தகம்
14 மே

தங்கச்சி தபோரா,

இருபது வருஷமாக நான் நர்ஸ். போர்வை மடிக்கிற நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். தினமும் மெல்லிய காகிதத்தைத் திரியாக முறுக்கி, சீழை ஒற்றி, சொட்டு மருந்து விடுகிறேன். இங்கே பாதிப் பிள்ளைகளுக்குக் காது ஒழுகுகிறது. எல்லோரையும் விமானத்தில் ஏற்றவா?

நீ வேலைக்குப் போன இந்த நாலு வருஷமாக அவள் என் பாயில்தான் தூங்குகிறாள். நீ ஒருமுறைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா பெரியம்மா?" என்று நேற்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்?

மயேரே


தீவு மருந்தகம்
1 ஜூன்

தபோரா,

நாளை விமானத்தில் ரூத்தியை அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து. சதை தானாகவே உதிர்ந்துவிட்டது. வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது, குளிர்காற்று பட்டிருக்கலாம். இடது கண் மூடவில்லை, களிம்பு தடவு. எதையாவது கேட்டு அவளைப் பயமுறுத்தாதே.

மயேரே


பெசியோ
27 ஜூன்

மயேரேவுக்கு,

"யாராவது சதையைப் பிடிச்சு இழுத்தீங்களா?" என்று காது டாக்டர் கேட்டார். உன் கடிதத்தை நம்பி, "தானா உதிர்ந்துச்சு" என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். ரூத்தி தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

ஐந்து மணி நேரம் அறுவை செய்து அரித்த எலும்பை எடுத்தார்கள். வாயையும் கண்ணையும் அசைக்க முகத்துக்குப் போகும் நரம்பு அறுந்து கிடந்ததாம். சதையோடு ஒட்டியிருந்து, அதோடு சேர்ந்து பிய்ந்திருக்கும் என்றார். அறுந்த உடனே வந்திருந்தால் இன்னும் நன்றாகச் சேர்த்திருக்கலாமாம். இனி அந்தக் காது கேட்காது.

கட்டு மாற்றுகிற அன்றுதான் ரூத்தி வாயைத் திறந்தாள். "பெரியம்மா இடுக்கியால பிடுங்கினாங்க. அன்னிக்கே வாய் கோணிடுச்சு. சொன்னா அவங்க வேலை போயிடும்மா."

அதற்குப் பிறகு இரண்டு விமானங்களை விட்டுவிட்டு அவளை ஏன் வைத்திருந்தாய்? சரியாகிவிடும் என்று பார்த்தாயா, யாரும் பார்க்கக் கூடாது என்றா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னை மன்னித்து அல்ல. நீ போய்விட்டால் அந்தத் தீவில் வேறு நர்ஸ் கிடையாது. இனி எந்தப் பிள்ளையின் காதிலாவது சதை முளைத்தால், தொடாதே, அனுப்பு.

நான் வராமல் இருந்தது என் தப்பு. அதை நீ எழுத வேண்டியதில்லை. தினமும் எனக்குத் தெரிகிறது. "வீட்டுக்கு எப்பப் போலாம்?" என்று கேட்கிறாள். "இதுதாண்டி உன் வீடு" என்கிறேன். கேட்காத காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துக்கொள்கிறாள்.

இனி எனக்கு எழுதாதே.

தபோரா