துவக்கு யார் பேரில்

2 மார்ச், திங்கள்
காலையில் மூடுபனி. பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகுமுன் கிழங்குத் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். காட்டுப்பன்றிகள் மேல் பாத்தியை உழுது தள்ளியிருக்கின்றன. இப்படியே விட்டால் இந்தப் போகமும் போச்சு. பன்றி சுட ஒரு துவக்கு வாங்க லைசனுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் மறுபடி கேட்டேன். கிராம சேவகரே போடச் சொல்லிவிட்டார். இவர் மட்டும் "பாப்போம்". என்ன பார்ப்பதோ.
வாங்க: தீப்பெட்டி, கருவாடு, சவர்க்காரம்.

4, புதன்
வெயில். விண்ணப்பத்தை நானே வாங்கி வந்தேன். மளமளவென்று நிரப்பினார். முன்பு வழக்கு ஏதும் உண்டா என்ற இடத்தில் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதாம். அதே பேனாவில்தான் இதை எழுதுகிறேன்.
தேயிலைத் தூள் வேறு குறைகிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் இவர் உரம் பார்க்கப் பெரகலைக்குப் போகிறார். ஏன், பக்கத்து ஹாலிஎலயில் உரம் இல்லையா? அங்கே ஒருத்தி இருக்கிறாள்.

8, ஞாயிறு
அடுத்த பஸ்ஸில் நானும். சண்டைக்குத்தான் போனேன். பெரகலைச் சந்தியில் ஒரு வெற்றிலைக் கடை. உள்ளே இவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார், எங்கள் வீட்டுத் தூளில். பக்கத்தில் ஒரு கால் இல்லாத மனிதர். பேர் மருதையாம். என்னைக் கண்டதும் இவர் தலை குனிந்துகொண்டார். மருதை அண்ணன்தான் சொன்னார்.
"இவன் அப்ப பதினஞ்சு வயசுப் பய. பன்னிக்கு, கம்பி தட்டினா வெடிக்கிற கட்டுத்துவக்கு வச்சான். வெறகு பொறுக்கப் போன நான் கம்பிய மிதிச்சிட்டேன்."
வழக்காகி, இவர் சீர்திருத்தப் பள்ளியில் இருந்திருக்கிறார். என்னைக் கட்டி இங்கே வந்ததால் இந்த லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. எனக்குமா? அழுகையும் ஆத்திரமும். பஸ்ஸில் தனித்தனி சீட்.

10, செவ்வாய்
பழைய வழக்கு தடையா என்று கேட்கப் பதுளைக் கச்சேரி ஆபீசுக்குப் போனேன். வரிசையில் ஆளுக்கொரு கதை. நுவரெலியாப் பக்கம் சின்ன வயசு வழக்கு இருந்தும் ஒருவருக்கு லைசன் கிடைத்ததாம். மொனராகலைப் பக்கம் அதே மாதிரி ஒருவருக்கு மறுத்துவிட்டார்களாம். யாரை நம்ப? மேசையில் இருந்தவர், பொலிஸ் அறிக்கை வந்தால்தான் தெரியும் என்றார். பிறகு நிலம் யார் பேரில் என்று கேட்டார். என் பேரில். அப்படியென்றால் நீங்களே போடலாமே என்றார்.

12, வியாழன்
தூறல். என் பேரிலேயே போட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்.
"நல்லதாப் போச்சு. அதத் தொட எனக்கும் பயந்தான்." சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "துவக்கு வைக்கிற பொட்டிச் சாவி?"
"என்கிட்ட."
"என்னய நம்பலையா?"
நம்புறேங்க என்றேன். துவக்கு இன்னும் வரவில்லை. சாவியை ஒளித்துவைக்க இடம் பார்த்துவிட்டேன்.