கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு சம்பந்தம்

என் சரசக்காவுக்கு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு நீ சிரிப்பாய். சிரித்துவிட்டால் மீதியைக் கோபப்படாமல் கேட்பாய்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம பொண்ணு மலர் ஒரு பையனை இங்கே அமெரிக்காவில் எங்கள் பிஸ்கட்டவே ஊர் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தாள். பெயர் டெரிக் ஆறுமுகம். ஈரோட்டு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் யோசிக்காமல் தமிழில் சில்லறை கேட்பார், அப்படி ஒரு முகம். ஆனால் ஒரு வார்த்தை தமிழ் வராது. "எந்த ஊரு தம்பி?" என்று இங்கிலீஷில் கேட்டேன். "கயானா, அங்கிள்" என்றான். நானும் எல்லாம் தெரிந்தவனாட்டம் தலையை ஆட்டி, "ஆப்பிரிக்காவில் இப்போ நல்ல வெயிலா இருக்குமே" என்றேன். மலர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. பையன் மரியாதையானவன். "இருக்கலாம் அங்கிள். எங்க ஊர் தென்னமெரிக்காவில் இருக்கு" என்றான். நான் விடுவேனா? "அங்கேயும் வெயில்தானே?" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பூகோளம் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாததா? ஐ.டி.ஐ. படித்து, நர்ஸ் வேலைக்கு வந்த பெண்டாட்டி வள்ளியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கா வந்து, மருந்து டப்பா அடைக்கிற மெஷினோடு காலம் தள்ளுகிறவன் நான். எனக்குத் தெரியாத நாடெல்லாம் ஆப்பிரிக்காவில் இருப்பதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பையன் போன பிறகு மலர் விஷயத்தைச் சொன்னாள். கட்டினால் அவனைத்தான். வள்ளி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் அண்ணன் நடராஜ் மச்சான் வந்தார். டாக்டரேட் வாங்கியவர், பாலம் கட்டுகிற இன்ஜினியர். சோபாவில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ள, பொண்ணைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர் எங்க இருக்குன்னாவது தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

"தெரியுமுங்க மச்சான். தென்னமெரிக்கா."

"எப்பத் தெரியும்?"

"முந்தாநேத்து."

அப்போதுதான் வள்ளி வாயைத் திறந்தாள். "உங்க அக்கா இருந்திருந்தா இந்நேரம் விசாரிச்சுட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க. நீங்க போய் விசாரிங்க. நீங்க செரின்னா செரி. வேண்டாம்னா இவகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மலர், "அம்மா பேசினா நான் கேட்டுக்குவேன் டாடி, ஐ வில். ஆனா போய்ப் பார்க்காமயே நோ மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நம் வீட்டில் முடிவு எடுக்கிற வேலை என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை அக்கா.

நம் சொந்தத்தில் எத்தனை கல்யாணத்துக்கு நீ விசாரிக்கப் போயிருப்பாய்! மாப்பிள்ளை வீட்டுக்கு நேராகப் போகவே மாட்டாய். பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் குடிதண்ணீர் கேட்டு வாங்கி ருசி பார்ப்பாய். அப்புறம் ரைஸ் மில்லில் நின்று இந்த வருஷம் என்ன வெள்ளாமை என்பாய். கடைசியாக டீக்கடையில், வாய்க்கால் மடையைத் திறக்கிற ஆள் யார், ஊர்க் காரியத்துக்கு யார் முன்னால் வருவார்கள் என்பாய். தண்ணீர், வெள்ளாமை, பெரிய மனுஷன். இந்த மூன்றும் தெரிந்தால் மாப்பிள்ளை தானாகத் தெரிந்துவிடுவான் என்பது உன் கணக்கு. மலரிடம் இதைச் சொன்னபோது, "இதைத்தான் டாடி எங்க காலேஜ்ல ஜியாகிரபி, எகனாமிக்ஸ், கவர்ன்மென்ட்னு மூணு கோர்ஸா வெச்சிருக்காங்க" என்றாள். நீ மூன்றையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவாய்.

சரி, விசாரிக்கலாம். ஆனால் கயானாவுக்கு எந்த பஸ்? நல்லவேளை, அந்த ஊரே பாதி இங்கே வந்திருக்கிறது. ஜெர்சி சிட்டியில் ஒரு தெரு முழுக்க அவர்கள் கடைதான். ஒரு சனிக்கிழமை காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று முடிவெட்டுகிற கடைக்குள் நுழைந்தேன். என் தலையைப் பார்த்து அந்தக் கடைக்காரர், "எதை வெட்டணும்?" என்று கேட்டார். ஞாயமான கேள்விதான். இருக்கிறதை வெட்டுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசியது ஆட்டம் போடுகிற மாதிரியான ஒரு இங்கிலீஷ். புரிந்ததை நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன்.

"உங்க ஊர்ல தண்ணி எப்படீங்க?"

"தண்ணியா? தண்ணியைத் தவிர வேற என்ன இருக்கு எங்க ஊர்ல! வீட்டை விடக் கடல் உசரம்."

நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன். காதோரம் கத்தி இருந்ததால் மறுபடி சாய்ந்தேன். நிஜம்தான் அக்கா. அலை ஏறும் நேரத்தில் கடல் மேலே, ஊர் கீழே. முன்னே ஆண்ட டச்சுக்காரன் காலத்திலிருந்து கரை போட்டுக் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். தேசம் பரப்பில் நம் தமிழ்நாட்டை விடப் பெரிது. ஜனமோ நம் ஈரோடு ஜில்லாவில் பாதிகூட இல்லை. உள்ளே போனால் காடு, பெரிய பெரிய ஆறு. அதனால் எல்லாரும் கடலோரத்தில் ஒரு நாடா அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

"அப்ப மழை பேஞ்சா?"

"வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம். ஊருக்குள்ள வாய்க்கா வெட்டி வெச்சிருக்கோம். அலை இறங்கறப்ப மதகைத் தூக்கி மழைத்தண்ணியைக் கடலுக்கு விடுவோம். அலை ஏறறதுக்குள்ள மதகை இறக்கிடணும்."

"இறக்க மறந்தா?"

"மறந்தா மீன் பிடிக்கிறதுக்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்!" அடுத்த நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் முறைக்கு மண்வெட்டியோடு நின்ற ஊர்க்காரன் நான். நாம் தண்ணீர் வரவில்லையே என்று அழுதோம். அவர்கள் வந்துவிடுமே என்று முழித்திருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் மடைக்குக் காவல் இருக்கிற ஜனம்தான். அது எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்து வெள்ளாமை. கரும்பு, நெல். நெல் இரண்டு போகமாம் அக்கா! உள்காட்டில் தங்கம் இருக்கிறது, அலுமினியம் செய்கிற செம்மண் இருக்கிறது, மரம் இருக்கிறது. "இவ்வளவும் இருக்கா? அப்புறம் ஏன் எல்லாரும் ஜெர்சி சிட்டியில இருக்கீங்க?" என்றேன். கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "நீங்க ஏன் இருக்கீங்க?" என்றார். தலையைக் குனிந்து, பின்பக்கம் வெட்டுங்கள் என்றேன். உன்னிடம் பதில் இருந்திருக்குமா?

மூன்றாவது, ஆட்சி. பிரிட்டிஷ்காரன் போய், இப்போது ஜனாதிபதி, பார்லிமென்ட் எல்லாம் உண்டு. ஓட்டுப் போடுகிற நாளில் இந்தியக்காரர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்று முறைத்துக்கொள்வார்களாம். "மத்த நாள்ல?" என்றேன். "மத்த நாள்ல மதகு உடைஞ்சா எல்லாரும் சேர்ந்து மண்மூட்டை தூக்கணும். தண்ணிக்கு ஆள் தெரியாது" என்றார்.

அவர் அதைச் சொல்லி முடிக்கவும் கதவு திறந்தது. பஸ் டிரைவர் சட்டையோடு வாட்டசாட்டமாக ஒருத்தர் உள்ளே வந்தார். நான் இரண்டாவது கேள்வி கேட்கும்போதே, இந்தத் தெருப் பையனுக்குப் பெண் கொடுக்கிறவன்தான் நான் என்று கண்டுபிடித்து, கடைக்காரர் உள்ளே போய் போன் போட்டிருக்கிறார், பாவி!

"மலரோட அப்பாதானே? நான் டெரிக்கோட அப்பா."

கழுத்தில் துணி, பாதி வெட்டிய தலை. எழுந்து கும்பிட்டேன். எனக்கு ஓடுவதா இருப்பதா என்று தெரியவில்லை. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"கூச்சப்படாதீங்க. என் பொண்டாட்டி போன வாரமே நீங்க சாமான் வாங்குற இந்தியக் கடைக்குப் போய் உங்களைப் பத்தி விசாரிச்சுட்டு வந்துட்டா."

"என்னைப் பத்தியா? என்ன சொன்னாங்க?"

"குடிக்க மாட்டாரு, சத்தம் போட மாட்டாரு, நல்ல மனுஷன். ஆனா முருங்கைக்காய் ஒவ்வொண்ணையும் முறுக்கிப் பார்த்துட்டு, வாங்காமயே போயிடுவாருன்னாங்க."

"அது விலை ஜாஸ்திங்க" என்றேன்.

அக்கா, எனக்குப் புல்லரித்துவிட்டது. ஐந்து தலைமுறைக்கு முன்னால் நம் பக்கமிருந்து கூலி வேலைக்குக் கப்பல் ஏறிப் போனவர்கள். பேச்சு போய்விட்டது. எழுத்து போய்விட்டது. ஆனால் சம்பந்தி வீட்டுக்கு நேராகப் போகக் கூடாது, கடையில்தான் கேட்க வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. உன்னைப் போலவே அந்த அம்மாவும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. நீ அதை எங்கேயும் கேட்டதில்லை, ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்த ஊருக்கு மட்டும்தான் நீ பஸ் ஏறுவாய். நான் கேட்டுவிட்டேன். "உங்க ஆளுக... எப்படி?" என்று இழுத்தேன். அவருக்கு விளங்கவே இல்லை. விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கடைசியில் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கப்பல்ல ஏறறப்ப என்னென்னவா இருந்தாங்களோ, இறங்கறப்ப எல்லாரும் கரும்பு வெட்டறவங்க."

மறுநாள் சாப்பாட்டுக்கு மச்சான் வந்தார். பாயசம் ஆறுகிறது, நான் சபையில் நின்று ரிப்போர்ட் கொடுக்கிறேன்.

"தலைநகரம் என்ன மாப்ள?"

"ஜார்ஜ்டவுன். தென்னமெரிக்காவிலேயே இங்கிலீஷை ஆட்சி மொழியா வெச்சிருக்கிற நாடு அது ஒண்ணுதானுங்க."

கரையைச் சொன்னேன், மதகைச் சொன்னேன், இரண்டு போக நெல்லைச் சொன்னேன். மச்சான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "மதகு மரமா, இரும்பா?" என்றார். இன்ஜினியர் புத்தி! ஆனாலும் அவரும் நாலாவது கேள்விக்கு வந்து சேர்ந்தார்.

"எல்லாஞ் செரி. ஆளுக யாரு?"

"கரும்பு வெட்டறவங்க மச்சான். உங்க தாத்தா என்ன பண்ணிட்டிருந்தாருங்க?"

"எங்களுக்குக் கரும்புக் காடு இருந்துச்சு."

"அப்ப ஒரே தொழில்தானுங்களே."

முதலில் சிரித்தது வள்ளிதான். சிரித்துவிட்டு, "அது கிடக்கட்டும். பையன் எப்படி?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு தேசத்தையே விசாரித்தவன் பையனை விசாரிக்க மறந்துவிட்டேன்! "டாடி!" என்று மலர் தலையில் கை வைத்தாள். வள்ளி பாயசக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "உங்களை நம்பி நான் உக்காந்திருப்பேனா? அவன் வேலை பாக்கற ஆஸ்பத்திரியில எனக்கு ஆளிருக்கு. தங்கமான பையன். கல்யாணத் தேதியைப் பாருங்க."

இந்த வைகாசியில் நடந்தது. உள்ளூர் கோயில் மண்டபம் கொள்ளவில்லை. தாய்மாமன் சீர் செய்ய வருவாரோ மாட்டாரோ என்று பயந்திருந்த நடராஜ் மச்சான் எல்லாருக்கும் முன்னால் பட்டு வேட்டியில் வந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டார் தப்பு மேளம் கொண்டுவந்தார்கள். அவர்களும் அதைத் தப்பு என்றுதான் சொல்கிறார்கள். நெருப்பில் காய்ச்சி அடித்தார்கள் பார், தாலி ஏறும்போது நாதஸ்வரக்காரரே ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மச்சான் சம்பந்தியிடம் கடல் சுவரின் உயரத்தைக் கேட்டுக்கொண்டே தாளம் போட்டார். நான் அழுதேன், ஆடினேன், வேட்டி அவிழாமல் சமாளித்தேன். இந்தக் கடைசியைத்தான் எல்லாரும் பாராட்டினார்கள்.

மலர் சௌக்கியம். மாமியாரிடம் கோழிக் குழம்பு கற்றுக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை என்னை "மாமா" என்கிறான். அந்த ஒரு வார்த்தையைப் பழக ஒரு வாரம் எடுத்துக்கொண்டான்.

உன் பேத்தி சௌமியா யாரையோ மனதில் வைத்திருக்கிறாள் என்று போனில் சொன்னார்கள். வீட்டில் ஒரே சண்டையாம். நீ கவலைப்படாதே. அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறேன். பையன் எந்த ஊராக இருந்தாலும் சரி, நானே பஸ் ஏறிப் போய் விசாரிக்கிறேன். மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன். இது உன் மேல் சத்தியம்.

கல்யாணம் முடிந்து காரில் திரும்பும்போது வள்ளி கேட்டாள்: "உங்க அக்கா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" "முன்வரிசையில உக்காந்து அட்சதை போட்டிருப்பாங்க" என்றேன். அவளும் சரி என்று தூங்கிவிட்டாள்.

நான் வாய்விட்டுச் சொல்லாதது இதுதான். நீ உயிரோடு இருந்திருந்தால் இதை உன்னிடமே விட்டிருப்பேன் அக்கா. நீ அந்தத் தெருவுக்குப் போகாமலே வேண்டாம் என்றிருப்பாய். நானும் சரி என்றிருப்பேன்.

எப்போதும் உன் தம்பி,
மலரின் அப்பா,
சுப்பு