மைச்சிந்தியின் முழு இறக்கை

மார்ச் 3, செவ்வாய்
பேரன் காட்டில் ஓநாய்களைக் கணக்கெடுக்கும் குழுவுக்குத் தலைவனாகிவிட்டான். அவன் தங்கை கடலில் ஆனைத்திருக்கை மீன்களைப் படமெடுக்கிறாள். முப்பத்தொரு திருக்கைக்குப் பெயரே வைத்திருக்கிறாள். நீச்சலில் அவளுக்கு மூன்று கோப்பை, ஓட்டத்தில் அவனுக்கு இரண்டு. அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள்! மாடித் தையல்காரம்மாவிடம் சொன்னேன். "நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்றாள். பொறாமை.

மார்ச் 4
தையல்காரம்மா கேட்டாள்: "ரெண்டுல எது பொல்லாதது?" இதென்ன கேள்வி? ஓநாய்க்குப் பல். திருக்கைக்குக் கடிக்கவே தெரியாது. வாயைத் திறந்துகொண்டு பொடிப்பொடி உயிர்களை வடிகட்டித் தின்னும். உருவம்தான் பெரிசு. அவளுடைய நாடாவை வாங்கித் திருக்கையின் அகலத்தை வீட்டில் அளந்து பார்த்தோம் — எங்கள் வாசற்கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை வருகிறது. ஓநாய் என் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும்.

ஆனால் ஓநாய் குடும்பஸ்தன். அண்ணன் அக்கா எல்லாம் சேர்ந்து குட்டிக்கு ஊட்டும், கால் உடைந்ததற்கும் இரை கொண்டுவந்து கொடுக்கும் என்கிறான் பேரன். திருக்கை ஒரே குட்டி போடும். போட்டதும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

என் பயமெல்லாம் அவனை நினைத்துத்தான். தினம் சாயங்காலம் அவன் போன் பண்ணியாக வேண்டும். அவளுக்கு அந்தக் கட்டாயமில்லை.

மார்ச் 9
பேரன் பேசினான். குரல் சரியில்லை. "சளி, பாட்டி."

மார்ச் 12
பேத்தி படம் அனுப்பியதாக மகள் போனை நீட்டினாள். "இன்னிக்கு எடுத்ததாம்மா." அவளுக்குப் பின்னால் ஒரு திருக்கை, வெள்ளை வயிறு முழுசாகத் தெரிந்தது. வயிற்றுப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. அவள் அச்சுப்போட்டு அனுப்பும் படங்களை மேசையில் பரப்பி, எது எதுவென்று ஜோடி சேர்ப்பது என் வேலை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது — பேனாவை உதறின மாதிரிப் புள்ளி. மைச்சிந்தி!

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. மைச்சிந்தியின் இடது இறக்கை நுனியைச் சுறா கடித்துவிட்டதென்று போன மாசம்தானே சொன்னாள்? இதில் இறக்கை முழுசாக இருக்கிறது. ஒரு மாசத்தில் வளருமா?

பழைய படம். எதற்குப் பழைய படம்?

மார்ச் 12, மறுபடியும்
கேட்டதும் மகள் அழுதுட்டா. மைச்சிந்தி மேல தூண்டில் நரம்பு சுத்தியிருந்துச்சாம். அதுக்குப் பின்பக்கமா நீந்தத் தெரியாது. நரம்பு பட்டா குட்டிக்கரணம் போடும், போடப்போட இன்னும் சுத்திக்கும். அறுத்துவிடப் போன பேத்தி கையிலயும் சுத்தி, கீழே இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. படகுக்காரர் குதிச்சு அறுத்து மேலே கொண்டாந்தாராம். வலது கையில ரெண்டு விரல் இல்லை.

எட்டு நாள் ஆச்சு. எட்டு நாள்! நான் நாடா வச்சு அளந்துக்கிட்டிருந்த அன்னிக்கு.

அவனுக்கும் தெரியும். சளியாம், சளி.

கடிக்கத் தெரியாததுன்னு நான்தானே சொன்னேன்?

மார்ச் 13
மேசையில் பரப்பியிருந்த படங்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

மார்ச் 15
பேரன் காட்டிலேயே இல்லை. பத்து நாளாக ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்துகொண்டுதான் எனக்குப் போன் பண்ணியிருக்கிறான். இன்று அவளிடம் கொடுத்தான்.

"திட்டாதே பாட்டி."

"எந்தக் கையில போன் புடிச்சிருக்கே?"

"இடது."

"மைச்சிந்தி?"

"நரம்பு அறுந்ததும் போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கலை."

பின்னாலிருந்து அவன் குரல்: "மகாராணிக்கு நான்தான் ஊட்டணும்."

"வாயில பாதி, சட்டையில பாதி ஊட்டுறான் பாட்டி."

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சிரிப்பு என்னவோ ஆகிவிட்டது. திருக்கை பின்னாலேயே சுத்தினாலும், அவள் பிறந்தது ஓநாய்க் கூட்டத்தில்.

மார்ச் 20
தையல்காரம்மாவிடம் கோப்பை எதையும் சொல்லவில்லை. "ரெண்டு விரல் போச்சு" என்றேன். மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தப் பழைய படத்தையே சுவரில் மாட்டலாம் என்கிறாள் மகள். அதில் பத்து விரலும் இருக்கிறதாம். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பேத்திக்குக் கடிதம் எழுதினேன். கடைசியில் இப்படி: "கட்டுப் பிரிச்சதும், அந்தக் கை நல்லாத் தெரியற மாதிரி புதுசா ஒரு படம் எடுத்து, அச்சுப்போட்டுத் தபாலில் அனுப்பு. உன்னையும் நான் அடையாளம் வச்சுக்கணும்."