தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய பந்து

அப்பா, உங்கள் ஆசியைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். இதை யாருக்கும் காட்டாதீர்கள், படித்ததும் அடுப்பில் போடுங்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா?

சனிக்கிழமை தொடங்கும் பேஸ்பால் இறுதிச் சுற்றில் நீங்கள் மட்டை பிடிக்கும் நம் மிச்செஸ் நண்டுகள் அணி தோற்றுவிடும் என்று இங்கே இகுவே ஊரே சிரிக்கிறது. இவர்கள் அணிக்குப் பந்து வீசுவது ராதமேஸ் ஆயிற்றே. அவன் வளைத்து வீசும் பந்தை இந்த வருடம் நீங்கள்கூடத் தொடவில்லை. ஆனாலும் ஐந்து ஆட்டத்தில் மூன்று நமக்குத்தான், அப்பா!

ராதமேஸ் எங்கள் விடுதித் தலைவி சிஸ்டர் எதுவிகிஸின் அக்கா மகன். செவ்வாயன்று அவரைப் பார்க்க வந்தவன், முற்றம் சின்னது என்பதால் பக்கத்திலேயே நின்று எங்களுக்கும் பந்து வீசினான். முதல் இரண்டு பந்துகளையும் கோட்டைவிட்டேன். அப்போதுதான் அவன் முகத்தில் ஒன்றைக் கவனித்தேன். மூன்றாவது பந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய் விழுந்தது.

"அடியேய், நீ யாரு பொண்ணு?" என்று வாயைப் பிளந்தான்.

"மீன்காரர் பொண்ணு."

"தூண்டில் போடுற கையாடி இது!"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார். இதைப் பால்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி அனுப்புங்கள், கொய்யா மிட்டாயும். இங்கே நண்டுகளுக்காகக் கத்த நான் ஒருத்திதான். போர்வைக்குள் கத்திக்கொள்வேன்.

ஐயோ, சிஸ்டர் கதவைத் தட்டுகிறார். அப்பா, வளைபந்து வீசும் முன் அவன் இடது கன்னம் உப்பும். உப்பினால் அவசரப்படாமல் காத்திருந்து அடியுங்...