ஏழு மடிப்புத் தாள்

மார்ச்சு 4

அன்பிற்கினிய பொறுமையாருக்கு,

நலம். உன் மூட்டுவலியும் நலமென்று நம்புகிறேன். உன்னை விட்டுப் பிரியாத உறவு அது ஒன்றுதான்.

ஓய்வுபெற்றோர் சங்கத்து வண்டியில் ஆறு நாளாக வரலாற்றைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். கலங்கரை விளக்கத்தில் இருநூற்றுப் பதினான்கு படிகள் ஏறினேன். உச்சியில் காணக் கிடைத்தது மூடுபனி. உப்புக் கிடங்குக் காட்சியகத்தில் உப்பைத் தவிர எல்லாம் உண்டு. பழைய நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டேறிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒருமுறை நின்றது போதும் என்று மறுத்துவிட்டேன்.

நேற்று நம் ஆலை. நீ நேரக்குறிப்பு எழுதிய மேசையும் நான் நூல் நூற்ற கூடமும் இன்று காட்சிப் பொருள்கள். நாற்பது இயந்திரங்கள் இரைந்த இடத்தில் ஒன்றே ஒன்று, குளிப்பாட்டிய பிணம்போல் பளபளக்கிறது. நம் வேலைநிறுத்தத்துக்கும் ஓர் அறை ஒதுக்கி, அடுத்த மாதம் திறக்கிறார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்ட பொறுப்பாளர் பெண் முன்னதாகவே அழைத்துப்போய்க் காட்டினாள். சுவரில் நாமிருவரும் தோள்மேல் கைபோட்டு நிற்கும் படம். அதன் கீழே கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு தாள்.

“இடி சலவைக்கூடத்து மேல்தளத்தில் ஒளிந்திருக்கிறான். விடியுமுன் வந்தால் பிடிக்கலாம்.”

இந்த இரண்டு வரிதான் என்னை மூன்றாண்டு சிறையில் தள்ளியது; ஒன்பதாம் நாளில் போராட்டத்தை முறித்தது; அறுபத்திரண்டு பேரின் வேலையைத் தின்றது. ஆலை நிர்வாகம் இத்தனை காலம் அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறது. எழுத்து, இடக்கையால் எழுதியதுபோல் கோணல்மாணல். கையொப்பம் இல்லை.

நெடுநேரம் நின்றேன் போலும். “ஐயா, கண்ணாடி மேல கை வைக்காதீங்க. படிக்கக் கஷ்டமா இருந்தா நான் படிச்சுக் காட்டறேன்” என்றாள் பொறுப்பாளர்.

நான் எழுத்தைப் படிக்கவில்லை. தாளின் மேல் நெடுக ஏழு மடிப்புத் தடங்கள். ஒரு முனை சாய்வாகக் கிழிந்து, மறுமுனையில் செருகும்படி இருக்கிறது. நூல் சுற்றும் பாபின் குழலுக்குள் சீட்டை ஒளித்துக் கூடம்விட்டுக் கூடம் அனுப்ப நாம் கண்டுபிடித்த மடிப்பு அது. செயற்குழுவின் மற்ற ஒன்பது பேருக்கும் செய்தி வாய்மொழியாகவே போகும். அப்படி மடிக்கத் தெரிந்தவர்கள் இருவர். என்னை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது.

உன்,
இடி


மார்ச்சு 9

இடிக்கு,

கடிதம் வந்தது. கண்புரை அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் கண்ணாடிக்குள் கிடக்கும் தாளில் மடிப்பை எண்ணிவிட்டாய். மருத்துவர் கெட்டிக்காரர்தான்.

நாற்பதாண்டுத் தாள். யார் யாரோ மடித்திருப்பார்கள், பிரித்திருப்பார்கள். அப்படியும் ஒருவர் மேல் ஐயம் கொள்ள வேண்டுமென்றால் வாயிற்காவலரை நினைத்துப் பார். பாபின் கூடைகள் அவர் சோதனையைத் தாண்டித்தான் போயின. சீட்டொன்றைப் பிரித்துப் பார்த்து மடிப்பைக் கற்றிருக்கலாம். போய்ச் சேர்ந்தவரை நான் குறைகூறவில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள்; நிர்வாகம் ஏதாவது ஆசை காட்டியிருக்கும்.

என்னைக் கட்டிக்கொண்ட உன் தங்கச்சி சமையலறையிலிருந்தே கேட்கிறாள்: “அண்ணன் ஊரெல்லாம் பழைய சாமானைப் பாக்குறாரே, எங்க வீட்டுல ஒண்ணு நாற்காலியில உக்காந்திருக்கே, அதைப் பாக்க எப்ப வர்றாரு?”

இந்தக் கிளறல் போதும். மலையடிவாரத்தில் கடிகாரக் காட்சியகம் ஒன்று உண்டாம். அதைப் பார்த்துவிட்டு வந்து சேர்.

மடிப்பைப் பற்றி அந்தப் பெண்ணிடமோ வேறு யாரிடமோ சொன்னாயா?

அன்புடன்,
பொறுமை


மார்ச்சு 15

பொறுமையாருக்கு,

கடிகாரக் காட்சியகம் போகவில்லை. வண்டியை அனுப்பிவிட்டு ஆலைக்குத் திரும்பினேன்.

என்னை அசைத்தது உன் கடிதத்தின் கடைசி வரி. குற்றமற்றவன் ‘யார் செய்தது’ என்று கேட்பான். நீ ‘யாரிடம் சொன்னாய்’ என்று கேட்டாய். முன்னது கோபத்தின் கேள்வி. பின்னது அச்சத்தின் கேள்வி. அந்த வரியை ஒருநாள் முழுதும் சட்டைப்பையில் சுமந்தேன். நண்பன்மேல் ஐயம் கொள்ளும் மனத்தைச் செருப்பால் அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஊதியப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன்.

பொறுப்பாளர் கையுறை அணிந்து ஏடு ஏடாகத் திருப்பினாள். வாயிற்காவலர் பெயருக்கு எதிரே விரல் வைத்து, “இவருக்குக் கையெழுத்தே கிடையாதுங்க ஐயா. முப்பத்தோரு வருசமும் கட்டைவிரல்தான்” என்றாள்.

ஆம். அந்த மனிதர் ஓரெழுத்தும் அறியாதவர். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் அந்தக் கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையொப்பம் இட்டவன் நேரக்குறிப்பாளன். அந்த நேரக்குறிப்பாளன் நீ. இறந்தவர்மேல் பழி சுமத்தினால் மறுக்க ஆளில்லை என்று எண்ணினாய். பதிவேடு மறுத்துவிட்டது.

ஏப்ரல் பத்தாம் நாள் அறையைத் திறந்துவைத்து நான் பேசவேண்டுமாம். அறுபத்திரண்டு குடும்பங்களையும் அழைக்கிறார்கள். “உங்க நண்பரையும் மேடையில உக்கார வைக்கணும்” என்கிறாள் அந்தப் பெண். நான் என்ன பதில் சொல்லட்டும்?

இடி


மார்ச்சு 22

இடிக்கு,

நான்தான்.

வாயிற்காவலரை இழுத்ததற்கு முதலில் வெட்கப்படுகிறேன். பழையதைவிட இது இழிவு. இதை இரண்டு வாரத்துக்கு முன்புதான் செய்தேன்.

உன்னைக் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டிலிருந்து காக்கவே எழுதினேன் என்று சொல்லலாம். நாற்பதாண்டாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிவந்தேன். உண்மை சிறியது. எட்டாம் நாள் செயற்குழுவில், பேச்சுவார்த்தைக்குப் போவோம் என்றேன். நீ எழுந்து, “இவருக்கு இருக்கறது பொறுமை இல்ல, பயம். ரெண்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிட்டிருக்காரு” என்றாய். ஒன்பது பேரும் சிரித்தார்கள். நீ அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். நான் அந்தச் சிரிப்புக்குள்ளேயே நின்றுவிட்டேன்.

இரண்டு நாள் உள்ளே வைப்பார்கள், அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இடக்கையால் எழுதினேன், எழுத்தை மறைத்தேன். மடித்தது கை. அது தன் பழக்கப்படி மடித்து, முனையைச் செருகிவிட்டது. அலுவலகக் கதவடியில் தள்ளியபின்தான் நினைவு வந்தது. அன்றிலிருந்து அந்தத் தாளுக்கு அஞ்சியே வாழ்ந்திருக்கிறேன்.

நீ சிறையில் இருந்தபோது உன் மகளை நாள்தோறும் பள்ளிக்கு அழைத்துப்போனேன். முதல் மாதம் குற்றவுணர்வால் நடந்தேன். பிறகு அவள் கையைப் பிடித்து நடப்பதற்காகவே நடந்தேன். இதை நம்பு என்று கேட்கும் தகுதி எனக்கில்லை.

மேடை வேண்டாம். முன்வரிசையில் உட்காருகிறேன். உன் பேச்சை ஆயிரம் கூட்டங்களில் கேட்டவன் நான். நீ எதையும் பாதியில் விட்டதில்லை. அன்றைக்கு என் பெயரைச் சொல். உன் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. அவளும் அங்கேயே கேட்டுக்கொள்ளட்டும்.

பொறுமை


ஏப்ரல் 11

வந்திருந்தாய். கண்டேன்.

ஒரு மணி நேரம் பேசினேன். கூலியைப் பேசினேன், பசியைப் பேசினேன், வேலை இழந்த அறுபத்திரண்டு பேரின் பெயர்களையும் தாளின்றிச் சொன்னேன். பெயருக்குப் பெயர் உன் முகத்தைப் பார்த்தேன். அடுத்தது உன் பெயர் என்று நீ காத்திருந்தாய். உன் பக்கத்தில் அமர்ந்து தங்கச்சி ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

முடிவில் பொறுப்பாளர் எழுந்து கேட்டாள், நீயும் கேட்டிருப்பாய்: “இந்தக் கடிதத்தை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?”

தெரியாது என்றேன்.

மேடையேறி நான் சொன்ன முதல் பொய் அது. அறுபத்திரண்டு குடும்பங்களின் முகத்துக்கு நேரே சொன்னேன். தங்கச்சிக்காகவும், என் மகளைப் பள்ளிவரை அழைத்துச் சென்ற கைக்காகவும் சொன்னேன். இதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிக்க நான் ஒருவன் போதாது. அங்கே அமர்ந்திருந்தவர்களையும் கேட்கவேண்டும். கேட்கும் துணிவு எனக்கு இல்லாமற்போயிற்று. அன்று குழுவில் உன்னைப் பயந்தவன் என்றேன். நேற்று அந்தச் சட்டை எனக்கும் அளவாகப் பொருந்திற்று.

இனி எழுதாதே. வந்தால் பிரிக்கமாட்டேன்.

ஏன் அண்ணன் வீட்டுப்பக்கமே வருவதில்லை என்று தங்கச்சி கேட்பாள். ஊர் சுற்றுகிறான் என்று சொல். இந்த வட்டாரத்தில் நான் பார்க்காத காட்சியகங்கள் இன்னும் முப்பத்தேழு இருக்கின்றன. மெதுவாகப் பார்த்தால், நம் இருவர் காலத்துக்கும் போதும்.